பழைய பைப் உற்பத்தி லைனில் முதலில் எதை மாற்றுவது?

தொண்ணூறுகளில் வாங்கிய, எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎதிலின்) பைப் செய்கிற மெஷின் வரிசை, அதாவது லைன் ஒன்று. கியர்பாக்ஸில் சத்தமில்லை, பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் ஸ்க்ரூவும் பேரலும் தேயவில்லை, பைப் வடிவம் கொடுக்கும் டை ஹெட்டும் சரியாக இருக்கிறது. கண்ட்ரோல் பேனலுக்குத்தான் வயதாகிவிட்டது. டயல் வைத்த டெம்பரேச்சர் கண்ட்ரோலர்கள், டி.சி. மோட்டாருக்கு ஒரு பழைய அனலாக் டிரைவ், பைப்பை இழுத்துச் செல்லும் ஹால்-ஆஃபின் வேகத்துக்கு எண்கள் அழிந்துபோன ஒரு குமிழ். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் மாற்றப் பணமில்லை. எதில் தொடங்குவது?

மலேசியாவின் பினாங்கில், நிபோங் திபாலில் பைப் தொழிற்சாலை பராமரிப்பில் இருக்கிறவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. எங்களைப் போன்ற தோட்டத்து டவுனில் பைப் வாங்குகிறவர்கள் இரண்டு வகை. செம்பனை நாற்றங்காலுக்கும் தோட்டத்துக் குடியிருப்புக்கும் வாங்குகிறவர்கள் ஒரு வகை. மற்றவர்கள் குடிநீர்க் குத்தகை எடுத்தவர்கள். அவர்களுக்கு சிரிம் (தரச் சான்று நிறுவனம்) சான்றிதழும் ஸ்பான் (நீர் சேவை ஆணையம்) அங்கீகாரமும் இல்லாத பைப் வேண்டாம். முதல் வகை விலையைப் பார்க்கும், இரண்டாம் வகை சுவரின் தடிமனைப் பார்க்கும். இரண்டு பேரையும் திருப்திப்படுத்த வேண்டும் என்றால் தேவைக்கு மேல் தடிமனாக ஓட்டாமல், தேவைக்குக் கீழேயும் போகாமல் ஓட்ட வேண்டும். எந்த எலக்ட்ரானிக் சாதனத்தை வாங்குவதானாலும் இந்த வேலைக்கு அது எவ்வளவு உதவும் என்றுதான் நான் பார்ப்பேன்.

பணம் எங்கே போகிறது என்று முதலில் ஒரு கணக்குப் போடலாம். 110 மி.மீ. வெளி விட்டம், எஸ்.டி.ஆர். 11 (வெளி விட்டத்தைச் சுவர்த் தடிமனால் வகுத்தால் வரும் எண்), பி.இ.100 (பாலிஎதிலின் ரகம்) பைப்பை எடுத்துக்கொள்வோம். ஐ.எஸ்.ஓ. 4427 தரப்படி இதன் சுவர் எந்த இடத்திலும் 10.0 மி.மீட்டருக்குக் குறையக் கூடாது, 11.1 வரை போகலாம். நம் ஊர் எம்.எஸ். 1058 தரமும் அதை ஒட்டியதுதான். கையால் ஓட்டும் லைனில் சராசரி எங்கே நிற்கும்? இரவு ஷிப்டில் போய்க் கேட்டால் ஆபரேட்டர் தம்பி மறைக்காமல் சொல்வார்: "அண்ணே, கொஞ்சம் தடிமனாவே ஓடட்டும். மெல்லிசா போனா மொத்தமும் ரிஜெக்ட் ஆயிடும், அப்புறம் யார் பதில் சொல்றது?" அவர் சொல்வதில் தப்பில்லை. அப்படி ஓடுகிற பைப்பின் சராசரி 10.8 என்று வைத்துக்கொண்டால் மீட்டருக்குச் சுமார் 3.21 கிலோ. அதையே 10.4-இல் ஓட்ட முடிந்தால் 3.11 கிலோ. மணிக்கு 150 கிலோ, நாளைக்கு 20 மணி நேரம் ஓடும் லைனில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 100 கிலோ ரெசின், அதாவது மூலப் பிளாஸ்டிக். கிலோ 5 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தால் நாளைக்கு 500 வெள்ளி.

இப்போது கரண்ட் பக்கம் வருவோம். ஒரு கிலோ பைப்புக்கு 0.35 யூனிட், யூனிட்டுக்கு 45 காசு என்று வைத்தால், அதே 3,000 கிலோவுக்கு 470 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல். அதாவது சுவரில் 0.4 மி.மீ. குறைத்து மிச்சம் பிடிப்பது அந்த லைனின் மொத்தக் கரண்ட் செலவையே தாண்டிவிடுகிறது. உங்கள் ரெசின் விலையும் கரண்ட் பில்லும் வேறாக இருக்கலாம், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். எண்கள் மாறும், எது பெரியது என்பது பெரும்பாலும் மாறாது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விற்பனைக்கு வருகிறவர்கள் முதலில் நீட்டுவது ஏ.சி. மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வர்ட்டர் பட்டியலைத்தான். டி.சி. மோட்டாரைக் கழற்றிவிட்டு ஏ.சி. மோட்டாரும் இன்வர்ட்டரும் போட்டால் பத்து சதவீதம் கரண்ட் மிச்சம் என்பார்கள். அது உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 470 வெள்ளியில் பத்து சதவீதம் 47 வெள்ளி. அதுவும் அந்தப் பில்லில் மோட்டார் மட்டும் இல்லை, ஹீட்டர், வாக்கும் (வெற்றிட) பம்ப், தண்ணீர் பம்ப், சில்லர் எல்லாம் இருக்கிறது. டி.சி. மோட்டாரை மாற்ற வேறு நல்ல காரணங்கள் உண்டு. கார்பன் பிரஷ் தேய்மானம், கம்யூட்டேட்டரில் தூசி, பழைய டிரைவுக்கு உதிரி கிடைக்காத தொல்லை, குறைந்த வேகத்தில் ஓட்டும்போது பவர் ஃபேக்டர் 0.85-க்குக் கீழே போய் மின்சாரக் கம்பெனி டி.என்.பி.யின் பில்லில் அபராதம் ஏறுவது. இவற்றில் ஒன்று உங்களைக் கடிக்கிறது என்றால் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த மோட்டார் கெடும்வரை ஓடட்டும்.

சரி, அப்படியானால் தொடக்கம் எங்கே? என் பதில் டெம்பரேச்சர் கண்ட்ரோலர்கள். பெரிய லாபம் அங்கே இல்லை. ஆனால் அது சரியில்லாமல் மேலே எதைப் போட்டாலும் நிற்காது, செலவும் இருப்பதிலேயே குறைவு. பழைய ஆன்-ஆஃப் கண்ட்ரோலர் காண்டாக்டரைத் தட்டித் தட்டி ஹீட்டரை ஓட்டுகிறது. செட் செய்த வெப்பத்தைத் தாண்டிப் போகும், பிறகு கீழே விழும். உருகிய பிளாஸ்டிக்கின் பிசுபிசுப்பு அதோடு சேர்ந்து ஏறி இறங்கும், டையிலிருந்து வரும் அளவும் அலைபாயும். விலகலுக்கு ஏற்பச் சூட்டை அளந்து கொடுக்கும் பி.ஐ.டி. கண்ட்ரோலரும் சாலிட் ஸ்டேட் ரிலேயும் போட்டு, ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஆட்டோ டியூன் ஓட்டினால் அந்த அலைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். பேரல் சூடாகி, பைப் ஓடும் நிலையில் டியூன் செய்ய வேண்டும். காலையில் குளிர்ந்த மெஷினில் செய்த டியூன், ஸ்க்ரூவின் உராய்வே பாதிச் சூட்டைக் கொடுக்கிற ஓட்டத்துக்குப் பொருந்தாது.

இந்த வேலையில் ஒரு பொறி இருக்கிறது. சென்சாரை மாற்றாமல் கண்ட்ரோலரை மட்டும் மாற்றும்போது அந்தச் சென்சார், அதாவது தெர்மோகப்பிள், ஜே வகையா கே வகையா என்று பார்க்காமல் விட்டுவிடுவார்கள். பேரலில் இருப்பது ஜே, புதுக் கண்ட்ரோலர் கே என்று செட் ஆகியிருந்தால், திரையில் 200 டிகிரி காட்டும்போது உள்ளே உண்மையில் 160 டிகிரிக்கும் கீழேதான் இருக்கும். பிளாஸ்டிக் சரியாக உருகாது, மோட்டார் லோடு ஏறி டிரிப் ஆகும், ஆளுக்கு ஆள் ஸ்க்ரூவைக் குறை சொல்வார்கள். தலைகீழாக இருந்தால் இன்னும் மோசம். பேரலில் கே, கண்ட்ரோலரில் ஜே. திரை 200 என்கிறது, உள்ளே 255-க்கும் மேல். பி.இ. புகையும். பி.வி.சி. ஆக இருந்தால் கருகி ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், கண் எரியும், டை முழுவதும் துருப்பிடிக்கும். வயரின் நிறத்தை நம்பவும் முடியாது. அமெரிக்க முறையில் சிவப்புக் கம்பி நெகட்டிவ், பழைய ஜப்பான் முறையில் சிவப்புக் கம்பி பாசிட்டிவ். தைவானிலும் ஜப்பானிலும் செய்த பழைய மெஷின்களில் இடையில் யார் யார் எந்த வயரைப் போட்டார்களோ யாருக்குத் தெரியும். பாசிட்டிவ் கம்பியின் நுனியில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு, ஜே வகை. ஒட்டாவிட்டால் கே ஆக இருக்க வாய்ப்பு அதிகம். மல்டிமீட்டரில் மில்லிவோல்ட் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது, மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதைப் பிடித்து வைக்கும் எடைக் கட்டுப்பாடு. பெரிய பணத்தை நான் போடச் சொல்வது இதில்தான். ஸ்க்ரூவை ஒரே ஆர்.பி.எம்.மில் ஓட்டினால் ஒரே அளவு பிளாஸ்டிக் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. பிளாஸ்டிக் மணியின் அடர்த்தி மாறும், அரைத்த கழிவு கலந்தால் இன்னும் மாறும், உருகியதை வடிகட்டும் ஸ்கிரீன் பேக் அடைக்க அடைக்க அழுத்தம் ஏறி வெளியே வருவது குறையும், ஹாப்பருக்கு அடியில் தொண்டைப் பகுதி சூடானால் மணி வழுக்கும். ஆபரேட்டர் மணிக்கு ஒரு தடவை ஒரு மீட்டர் வெட்டி எடை போட்டு ஹால்-ஆஃப் குமிழைத் திருகுகிறார். அந்த ஒரு மணி நேரத்துக்குள் எவ்வளவு பைப் போய்விடுகிறது!

இந்தச் சாதனம் செய்வது எளிய வேலைதான். எக்ஸ்ட்ரூடர் (ஸ்க்ரூவும் பேரலும் உள்ள மெஷின்) தொண்டைக்கு மேல், எடையை உணரும் லோட் செல்லில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன ஹாப்பர். அதன் எடை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்த்தால் மணிக்கு எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும். ஹால்-ஆஃப் சக்கரத்தில் சுழற்சியை எண்ணும் ஒரு என்கோடர் வைத்தால் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்று தெரியும். ஒன்றை மற்றதால் வகுத்தால் மீட்டர் எடை. அது கூடினால் ஸ்க்ரூவைக் குறைக்கும் அல்லது ஹால்-ஆஃபை ஏற்றும். ஹாப்பர் நிரம்பும் சில வினாடிகளில் மட்டும் அளக்க முடியாமல் பழைய வேகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதற்காக டிரைவை மாற்ற வேண்டுமா என்றால் பெரும்பாலும் வேண்டாம். குமிழுக்குப் பதிலாக வெளியிலிருந்து 0 முதல் 10 வோல்ட் சிக்னல் வாங்கும் டிரைவாக இருந்தால் போதும், பழைய டி.சி. டிரைவ்கள் பலவற்றில் அந்த வசதி உண்டு. மேனுவலைத் தேடிப் பாருங்கள். மேனுவல் பேனல் கதவுக்குப் பின்னால் எண்ணெய்க் கறையோடு மடித்துச் செருகியிருக்கும்.

ஆனால் மேலே 10.8-இலிருந்து 10.4-க்கு இறங்கியதற்கு ஒரு நிபந்தனை உண்டு, விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். எடைக் கட்டுப்பாடு சராசரியைத்தான் பிடிக்கும், மையம் அதற்குத் தெரியாது. டை சென்டர் விலகி ஒரு பக்கம் 0.6 மி.மீ. மெலிந்திருந்தால், சராசரி 10.4 என்றாலும் மெலிந்த பக்கம் 9.8. மீட்டர் எடை அச்சுப் பிசகாமல் இருக்கும், பைப் ரிஜெக்ட். ஆகவே எடைக் கட்டுப்பாடு வாங்குவதற்கு முன் டையின் சென்டரிங் போல்ட்டுகளை நூல் பிசகாமல் திருகத் தெரிந்த ஆள் உங்களிடம் இருக்க வேண்டும். சுற்றளவில் எட்டு இடத்தில் அளந்து, எந்தப் போல்ட்டை இளக்கி எந்தப் போல்ட்டை இறுக்குவது என்று பழகியவர். அவர் விலகலை 0.4-க்குள் கொண்டுவந்தால் 10.4 சாத்தியம், 0.2-க்குள் கொண்டுவந்தால் இன்னும் இறங்கலாம். எங்கள் பக்கத்தில் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். அவர்கள் ஓய்வுபெறுவதற்குள் இரண்டு பேரைப் பழக்குவது ஒரு சென்சார் வாங்குவதை விட அவசரம் என்பது என் அபிப்பிராயம்.

மையத்தையும் காட்டுகிற சாதனம் அல்ட்ராசோனிக். வாக்கும் டேங்க் தண்ணீருக்குள் பைப்பைச் சுற்றி நாலு அல்லது எட்டு சென்சார், சுவரின் முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பி அனுப்பும் ஒலிக்கு இடையிலான நேரத்தை அளந்து தடிமனைக் காட்டும். எந்தப் பக்கம் மெலிகிறது என்று ஆபரேட்டர் கண்ணால் பார்க்கிறார். அருமையான சாதனம்தான், ஆனால் எங்கள் தட்பவெப்பத்தில் அதற்கு நடுவில் ஆள் வேண்டும். பி.இ.-க்குள் ஒலியின் வேகம் சூட்டோடு மாறும். மத்தியானம் கூலிங் டவர் தண்ணீர் சூடாகி, பைப் வேறு சூட்டில் டேங்கைக் கடந்தால் எண் நகர்ந்துவிடும், கேலிபரேஷன் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரில் குமிழி இருந்தால் சிக்னல் போய்விடும். 160 மி.மீட்டருக்கு மேல் குடிநீர்ப் பைப் முழு நேரமும் ஓட்டுகிற லைனுக்கு இது தகும். 32, 50, 63 என்று நாற்றங்காலுக்கு ஓட்டுகிற லைனுக்கு அந்தப் பணம் அதிகம். எக்ஸ்-ரே அளவியும் சந்தையில் இருக்கிறது, தண்ணீர் வேண்டாம், கேலிபரேஷன் தொல்லை குறைவு. ஆனால் அதை வைத்திருக்க 1984-ஆம் ஆண்டு அணுசக்தி உரிமச் சட்டத்தின் கீழ் உரிமம், பொறுப்பாளர், பதிவேடு எல்லாம் வேண்டும். நாலைந்து லைன் உள்ள பெரிய கம்பெனிகள் பார்த்துக்கொள்ளட்டும்.

பி.எல்.சி.யும் (மெஷின் முழுவதையும் புரோகிராம் வழி நடத்தும் கண்ட்ரோலர்) டச் ஸ்கிரீனும்? பார்க்க அழகாக இருக்கும், வாடிக்கையாளர் வந்தால் காட்டலாம். கேலி இல்லை, ஒரு சூழ்நிலையில் அதுவே முதல் தேர்வு. நாளைக்கு மூன்று நான்கு தடவை சைஸ் மாற்றுகிறவராக இருந்தால் உங்கள் நஷ்டம் தடிமனில் இல்லை, ஒவ்வொரு தொடக்கத்திலும் தரையில் கிடக்கும் கழிவில் இருக்கிறது. 25 மி.மீ.-இலிருந்து 50 மி.மீ.-க்குப் போகும்போது வெப்பம், ஸ்க்ரூ வேகம், ஹால்-ஆஃப், வாக்கும் அளவு எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் கொண்டுவருகிற ரெசிபி அந்தக் கழிவைக் குறைக்கும். ஸ்க்ரூவும் ஹால்-ஆஃபும் ஒன்றாக ஏறி இறங்குவதும் பி.எல்.சி. வழியாகச் செய்தால் சுத்தமாக இருக்கும். எடைக் கட்டுப்பாட்டுச் சாதனத்துக்கே இப்போது சொந்தத் திரை உண்டு என்பதால், ஒரே சைஸை வாரக் கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு முழு பி.எல்.சி. காத்திருக்கலாம். வாங்கினால் திரையின் எழுத்து மலாயில் வேண்டும் என்று கேளுங்கள். இரவு ஷிப்டில் நிற்கிற வங்காளதேசத் தம்பியும் நேபாளத் தம்பியும் மலாய் கொஞ்சம் பழகியிருப்பார்கள், சீனத்தில் வரும் எச்சரிக்கையை யாரும் படிக்கப் போவதில்லை.

பி.எல்.சி. போட்டாலும் போடாவிட்டாலும் மெல்ட் பிரஷர் சென்சார் ஒன்று வேண்டும். ஸ்கிரீன் பேக் அடைத்து அழுத்தம் ஏறும்போது மோட்டாரை நிறுத்துகிற வேலை அதனுடையது. அதைச் செலவு மிச்சத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, நம் பக்கத்துக்கே உரியது. இடி மின்னல். பினாங்குப் பெருநிலத்தில் சாயங்காலம் ஒரு மழை பிடித்தால் வோல்டேஜ் ஒரு கணம் தாழ்ந்து எழும், பழைய காண்டாக்டர்கள் விழும், பேனல் அணையும். பழைய அனலாக் சாமான் அதைப் பொறுத்துக்கொள்ளும். புது எலக்ட்ரானிக்ஸ் பொறுக்காது. புதிதாக எதைப் போட்டாலும் பேனலின் உள்வரும் பக்கத்தில் சர்ஜ் பாதுகாப்பு, கண்ட்ரோல் மின்சாரத்துக்குச் சின்ன யு.பி.எஸ்., நல்ல எர்த் இவற்றைச் சேர்த்தே விலை கேளுங்கள். இன்வர்ட்டர் போட்டால் அதன் பவர் கேபிளையும் தெர்மோகப்பிள் வயரையும் ஒரே டிரங்கிங்கில் ஓடவிடாதீர்கள், எண்கள் ஆட ஆரம்பிக்கும். பேனல் கதவின் ரப்பர் கிழிந்திருந்தால் பல்லி நுழையும். பல்லியால் போன போர்டுகளை நான் நிறைய பார்த்திருக்கிறேன்.

பி.வி.சி. ஓட்டுகிறவர்கள் இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே இரட்டை ஸ்க்ரூ. அது பொடியைப் பிடித்துத் தள்ளுகிறது, வெளியே வருவது தீனி ஸ்க்ரூவின் வேகத்தைப் பெரிதும் பின்பற்றும், அதனால் எடை அலைச்சல் பி.இ. அளவுக்கு இருக்காது. பொடி ஹாப்பரில் பாலம் போல் கட்டிக்கொண்டு நிற்கும், எடை பார்ப்பதும் சிரமம். கரண்ட் போய் மெஷின் நின்றால் பி.இ. பேரலுக்குள் காத்திருக்கும், பி.வி.சி. கருகும். அவர்களுக்கு டெம்பரேச்சர் கட்டுப்பாடு, மோட்டார் டார்க்கின் (திருகு விசை) பதிவு, ஜெனரேட்டர் ஏற்பாடு இவைதான் முன்வரிசை.

புது லைனே வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: ஸ்க்ரூ தேய்ந்து, கியர்பாக்ஸ் ஊளையிட்டு, 110-க்கு மேல் போக வேண்டிய ஆர்டரும் கையில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் பழைய இரும்பு நல்ல இரும்பு.

ஆக, பி.இ. லைனில் நான் போகும் வழி இது: முதலில் கண்ட்ரோலரும் தெர்மோகப்பிளும், கூடவே மெல்ட் பிரஷர், அப்புறம் சென்டரிங்கில் கை பழக்கிக்கொண்டு எடைக் கட்டுப்பாடு, டி.சி. மோட்டார் தானாகக் கெடும்போது ஏ.சி. அல்ட்ராசோனிக்கை ஆர்டர் கேட்டால் மட்டும்.

எதை வாங்கினாலும் கொட்டேஷனிலேயே எழுதிக்கொள்ள வேண்டியவை சில. பி.எல்.சி. இருந்தால் அதன் புரோகிராமின் மூலக் கோப்பு உங்கள் கையில், பாஸ்வேர்டு இல்லாமல். ஒரு தொழிற்சாலையில் புரோகிராம் பூட்டியிருந்தது, போட்டவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார், ஒரு டைமரை மாற்ற முடியாமல் மொத்த பி.எல்.சி.யையும் மாற்றினார்கள். வயரிங் வரைபடம் அச்சிட்டு பேனலுக்குள். உதிரி லோட் செல் ஒன்று. வயரிங் வேலையைத் தகுதிச் சான்று உள்ள மின் பணியாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எடைக் கட்டுப்பாட்டுக்கு ஏற்புச் சோதனை உங்கள் இடத்தில், உங்கள் ரெசினில், நீங்கள் வழக்கமாகக் கலக்கும் சொந்தக் கழிவோடு நடக்க வேண்டும். விற்பனையாளர் கொண்டுவரும் சுத்தமான மணியில் எல்லாச் சாதனமும் நன்றாகத்தான் ஓடும். ஒரு முழு ஷிப்ட் ஓடட்டும், நடுவில் ஒரு தடவை ஸ்கிரீன் பேக் மாற்றுங்கள். அரை மணிக்கு ஒரு தடவை ஒரு மீட்டர் வெட்டி, உங்கள் தராசில் எடை போட்டு, திரையின் எண்ணோடு ஒப்பிட்டு எழுதிவையுங்கள். எவ்வளவு வித்தியாசம் வரை ஏற்பீர்கள் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பேசி முடித்துவிட்டு, அந்தத் தாளில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.